கயிறு கட்டிய கையில் நாடி

சீனப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த நாள்களில் அம்மா மறுபடியும் அப்பாவின் வாயை முகர்ந்து பார்க்கத் தொடங்கினார். வெளிப்படையாக இல்லை. தண்ணீர் கொடுக்கும் சாக்கில், சட்டைக் காலரை இழுத்துவிடும் சாக்கில், ஒரு கணம் கூடுதலாகக் கிட்டே நிற்பார். அப்பாவுக்கு அது தெரியும். முகத்தைத் திருப்பாமல் நின்று கொடுப்பார்.

நான் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் அப்பா குடித்தார். அப்பா லோரி ஓட்டும், மலாக்காவின் செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் சம்பள நாளன்று மலிவுச் சாராயம் விற்கும் சம்சுக் கடைக்குப் போகும் கூட்டத்தில் அவரும் ஒருவர். நான் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போய் வலது கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் இப்படித்தான் விடுவார்கள். பூசாரி கயிறு கட்டும்போது இன்ன காலத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பெரும்பாலோர் ஓராண்டு, ஈராண்டு என்று கெடு சொல்வார்கள். அப்பா கெடுவே சொல்லவில்லை. பழைய கயிறு நைந்தால் புதியது கட்டிக்கொள்வார்.

எங்கள் முனியையாவுக்குப் படையலில் சுருட்டும் உண்டு, பாட்டிலும் உண்டு. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்பா ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய்ச் சாமி காலடியில் வைப்பார். “என் பங்க அவருக்குக் குடுத்துட்டேன்” என்பார். தான் விட்ட குடி எங்கும் போய்விடவில்லை, கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார். அதனால் இனி அதைத் தொட்டால் அது குடி மட்டுமல்ல, சாமி சொத்தைத் திருடுவது.

அந்தக் கயிற்றுக்குப் பிறகுதான் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி படிவம் ஆறு வரை போனாள், பல்கலைக்கழகம் போனாள், இப்போது ஜாசின் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறாள். அந்த ஒருத்தி நான். என் பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியைவிடப் பெரியது. அதைச் சின்னதாக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மாவின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அப்பாவின் கை நடுங்கியது. காலையில் காப்பிக் கோப்பையைச் சாசரில் வைத்தால் இரண்டும் உரசிக் கிணுகிணுவென்று சத்தம் வரும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் முதுகு நனைந்திருந்தது. சோறு முன்னைவிட அதிகம் சாப்பிட்டார், ஆனால் சட்டை தோளில் தொங்கியது. கண்கள் எதையோ பார்த்துத் திடுக்கிட்டது போல் எப்போதும் விரிந்திருந்தன. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார். குடித்த காலத்து அப்பாவை அறிந்தவர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே பார்த்த காட்சிகள்.

ஒரு சனிக்கிழமை அவருடன் செலண்டார் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். பழக்குலை வெட்டும் ஆள் ஒருவர், அப்பாவுடன் பல ஆண்டு வேலை செய்தவர், எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என்னா மாமா, கை டான்ஸ் ஆடுது. முனியையாகிட்ட லீவு கேட்டாச்சா?”

“வேலையப் பாத்துட்டுப் போ லா.”

“நான் ஒன்னும் சொல்லலியே. கயிறு இருக்கான்னு பாத்தேன்.”

அப்பா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் அப்படிச் சாப்பாட்டை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

“வாடை வரல. ஆனா எல்லாம் அப்படியேதான் இருக்கு. மறுபடியும் ஆரம்பிச்சிருந்தா நான் தெங்கேராவுல என் தம்பி வீட்டுக்குப் போயிருவேன். இந்தத் தடவ திரும்பி வரமாட்டேன். சொல்லிப்புட்டேன்.”

அம்மா சும்மா சொல்கிறவர் அல்ல. எனக்கு ஆறு வயதில் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறார், என்னையும் தூக்கிக்கொண்டு.

ஆனால் எனக்கு அந்த ‘வாடை வரல’ என்பதுதான் மண்டைக்குள் நின்றது. வாடை இல்லாமல் மற்ற எல்லாம் இருக்க முடியுமென்றால், அந்த மற்ற எல்லாவற்றையும் வேறு எது உண்டாக்கும்?

படிவம் இரண்டு மாணவர்களுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுப்பது எனக்குப் பிடித்த பாடம். பெருவிரலை வைக்கக் கூடாது, அதற்குள்ளேயே ஒரு துடிப்பு இருக்கிறது, குழப்பிவிடும் என்று சொல்லிவிட்டு வகுப்பைச் சுற்றி வருவேன். “டீச்சர், எனக்கு உயிரே இல்ல” என்று ஒருத்தியாவது கத்துவாள். விரலைச் சற்று நகர்த்தி வைத்துக் கொடுத்தால் அவள் முகம் மாறும். அந்த முகத்துக்காகவே அந்தப் பாடத்தை நான் இழுத்து நடத்துவதுண்டு.

மறுநாள் மதியம் அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, “நாடி பாக்கிறேம்பா, பாடத்துக்கு” என்று கையைப் பிடித்தேன். கயிறு சரியாக நாடி ஓடும் இடத்தின் மேலேயே கிடந்தது. அதை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு விரலை வைத்தேன்.

வேகமாக இருந்தது, ஓடி வந்தவரின் நாடி போல. அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது வேறொன்று. இரண்டு துடிப்பு நெருக்கமாக வந்தது, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று, உடனே மூன்று, அதில் ஒன்று தொட்டும் தொடாமலும். சரி, இதற்கு ஓர் அமைப்பு இருக்கும் என்று காத்திருந்தேன். ஏதாவது ஒரு வரிசை திரும்ப வர வேண்டும். வரவில்லை. மேசையில் மற்றக் கை விரலால் அதைத் தட்டிக்கொண்டே வந்தேன். அடுத்தது எப்போது வரும் என்று ஒரு முறைகூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது ஆச்சரியம்தான். ஓர் உடம்பு இவ்வளவு ஒழுங்கில்லாத ஒன்றை எப்படிச் செய்கிறது?

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியுதா?” என்றார் மெதுவாக. “கயிறு துடிக்குது.”

“எத்தன நாளா இப்படி?”

அப்பா கையை இழுத்துக்கொண்டு கயிற்றைப் பழைய இடத்தில் விட்டார்.

அரசாங்க கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போவது சுலபமாக இல்லை. “இது ஆஸ்பத்திரி வேலை இல்ல” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றினார். கடைசியில் அம்மா, “குடிக்கலன்னா டாக்டர்கிட்ட வந்து ரத்தம் குடுங்க. அது சொல்லிரும்” என்றார். அதற்காகத்தான் அப்பா சட்டை மாற்றினார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் வயதை ஒத்திருப்பார். அப்பாவின் கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. கழுத்தைப் பின்னால் இருந்து தொட்டுப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு இசிஜி எடுக்க வைத்தார். அந்த நீளத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“பாக்சிக், மினும் தாக்?” என்று மலாயில் கேட்டார். மாமா, குடிப்பீர்களா என்று.

அம்மா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பு இப்படித் தாறுமாறாகப் போக மது ஒரு காரணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் எங்கள் மூவருக்கும் அது முனியையாவே கேட்டது போல் இருந்தது.

“ஒரு தடவ” என்றார் அப்பா, தமிழில். பிறகு மலாயில் அதையே சொன்னார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“எவ்வளவு, பாக்சிக்?”

“ஒரு துண்டு.”

டாக்டருக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான். அப்பா தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தார். அவருடைய லோரியைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் உஜோங் பாசிர் போர்த்துகீசியர் குடியிருப்பில் இருக்கிறார். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்கு நாங்கள் போவோம். இந்த முறையும் போனோம். கறுப்பாக, ஈரமாக, பழம் நிறைந்த ஒரு கேக். அப்பா ரசித்துச் சாப்பிட்டார். விடைபெறும்போது மெக்கானிக் அவர் தோளில் தட்டி, அந்தப் பழமெல்லாம் பல மாதமாகப் பிராந்தியில் ஊறியது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நானும் அம்மாவும் அப்போது காருக்குப் போய்விட்டோம். அன்றைக்கு இரவே நெஞ்சு படபடத்தது என்றார் அப்பா. கயிறு துடித்தது. முனியையா பிடித்து உலுக்குகிறார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. அவருக்கு அதற்காக நான் இன்றும் நன்றி சொல்வேன். “கேக் இதைச் செய்யாது, பாக்சிக்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

சோதனை முடிவு தெளிவாக வந்தது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது. நடுக்கம், வியர்வை, மெலிவு, கண், கோபம் எல்லாம் அதன் வேலை. இதயத்தையும் அதுதான் தாளம் தப்ப வைத்திருக்கிறது. டாக்டர் மூன்று மாத்திரைகள் கொடுத்தார். ஒன்று சுரப்பியை அடக்க. ஒன்று இதயத்தின் வேகத்தைக் குறைக்க. மூன்றாவது ரத்தம் உறையாமல் இருக்க. கையும் நெஞ்சும் அடங்கும் வரை லோரி ஓட்டக் கூடாது என்றார். மூன்றாவது மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள் என்று என்னைப் பார்த்துத் தனியாகச் சொன்னார். விட்டால் பக்கவாதம் வரலாம்.

வீட்டுக்கு வந்து அப்பா மாத்திரைப் பையைச் சாமி மேடையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“திருவிழா வரட்டும். மன்னிப்புக் கேட்டுட்டுச் சாப்பிடுறேன்.”

திருவிழாவுக்கு இன்னும் பல மாதம் இருந்தது.

“இப்பவே போயி கேளுங்களேன்” என்றேன்.

“கேட்டேன். தெனமும் கேக்குறேன். துடிப்பு நிக்கல. இன்னும் கோவத்துல இருக்காரு. மாத்திரையப் போட்டு நான் இத நிறுத்திட்டா, அவரு கோவம் தீந்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நாடியை அவர் சாமியின் பதிலாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் யோசனையில் ஓட்டை எதுவும் இல்லை. தொடங்கிய இடம்தான் தப்பு.

அந்த வாரம் முழுவதும் நான் படித்தேன். பள்ளி நூலகத்தில் இருந்த புத்தகம் போதவில்லை. மலாக்காவில் மருத்துவம் படிக்கும் பழைய தோழி ஒருத்தியிடம் புத்தகம் வாங்கி வந்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் அவளுக்கே செய்தி அனுப்பி, ஒரு கட்டத்தில் அவள் “நீயே டாக்டர் ஆயிரு லா” என்று எழுதிவிட்டாள். பிடிபட்டபோது அப்படி ஒரு சந்தோஷம். இதயத்தின் மேல் அறை ஒன்றில் ஒரு சின்ன திசு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முதல் கட்டளை அங்கிருந்து கிளம்புகிறது. அது பரவும் வழியில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் ஒருமுறை சுருங்கினால் சற்று ஓய்வெடுத்தாக வேண்டும். அந்த ஓய்வு நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அது கேட்காது. அந்த ஓய்வுதான் கூட்டத்தை ஒழுங்காக வைத்திருக்கிறது. தைராய்டு சுரப்பு அதிகமானால் மேல் அறைகளில் அந்த ஓய்வு நேரம் சுருங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், சும்மா இருக்க வேண்டிய செல்கள், முக்கியமாக நுரையீரலில் இருந்து ரத்தக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் இருப்பவை, தாமாகவே கட்டளை போடத் தொடங்குகின்றன. ஓய்வெடுக்காதவர்களும் சொல்லாமல் புறப்பட்டவர்களும் சேர்ந்தால் என்ன ஆகும்? மேல் அறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே அதிர்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாவிடம் அவருக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னேன். அவர் தோட்டத்தில் இருந்து பழக்குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறவர்.

“ஆபீஸ் கூப்பிட்டா ஒவ்வொரு லோரியா ஆலைக்குப் போவும். கூப்பிடாமலே எல்லா லோரியும் ஒரே நேரத்துல எல்லாப் பக்கமும் இருந்து வந்தா? ஆலை கேட்டுல இருக்கிறவன் முடிஞ்சத விடுவான். எப்ப எது உள்ள வரும்னு சொல்ல முடியாது. உங்க நாடி அந்த கேட்டுல இருந்து வர்றதுப்பா.”

“கேட்டுல அப்படி விடமாட்டானுங்க. நம்பர் குடுப்பானுங்க.”

“நெஞ்சுல நம்பர் இல்ல. அதான் பிரச்சன.”

அப்பா கொஞ்சம் சிரித்தார். பிறகு, “வெளிய நிக்கிற லோரியெல்லாம் என்னாவும்?” என்று கேட்டார்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மேல் அறை சரியாகச் சுருங்காததால் ரத்தம் அதன் மூலையில் தேங்குகிறது. தேங்கினால் உறைகிறது. உறைந்த துண்டு ஒன்று கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். மூன்றாவது மாத்திரை அதற்குத்தான். இதைச் சொல்லும்போது என் குரல் வகுப்பில் பேசுவது போல் இல்லை. அம்மா அடுப்படியில் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்.

“இன்னொன்னு” என்றேன். “தீபாவளிக்குப் புதுச் சிலுவார் போட்டப்ப பெல்ட்டுல ஆணி அடிச்சி ஓட்ட போட்டீங்க. அப்பவே மெலிஞ்சிட்டீங்க. கேக் சாப்பிட்டது அதுக்கு அப்புறம். தண்டன முன்னாடி வந்து தப்பு பின்னாடி வருமா?”

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த பெருமையை மறைக்க முடியாது. ஒரு முழு நாள் யோசித்துப் பிடித்த சான்று அது.

அப்பா நிதானமாகச் சொன்னார்: “அவரு சாமி. நான் திம்பேன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்.”

அதற்கு மேல் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது?

அம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். “அந்தக் கேக்க உங்க தட்டுல யாரு வச்சா?”

அப்பா நிமிர்ந்தார்.

“நீங்க போயி எடுத்தீங்களா? நான்தான் எடுத்து வச்சேன். நல்லா இருக்கு, தின்னு பாருங்கன்னு ஊட்டாத குறையா குடுத்தேன். எப்படிச் செய்றதுன்னு அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வேற வந்தேன். பிராந்தின்னு அவுங்க சொல்லல. சாமி உலுக்குறதா இருந்தா மொதல்ல என்னைய இல்ல உலுக்கணும்?”

“நீ கயிறு கட்டலியே.”

“கட்டினவருக்குக் குடுத்தவ நான். இத்தன நாளா ஒங்க வாய மோந்து பாத்தேனே, அதுக்கும் சேத்து நான் கேட்டுக்கிறேன். சாமிகிட்ட நான் பேசுறேன். நீங்க மாத்திரையச் சாப்பிடுங்க. படுக்கையில கெடந்தா திருவிழாவுக்கு யாரு பாட்டில் கொண்டு போறது?”

என் விளக்கம் அப்பாவுக்குப் புரிந்திருந்தது, அதை நான் இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஒரு கடனை ஆள் மாற்றி ஏற்றுக்கொள்ள முடியும் என்பது அவர் உலகத்துக்குள்ளேயே இருந்த ஒரு வழி. அது எனக்குத் தோன்றவில்லை. அவர் சாமி மேடைக்குப் போய்ப் பையை எடுத்தார். அம்மா தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றார்.

அன்று மாலை அம்மா தனியாகக் கோயிலுக்குப் போய் வந்தார். என்ன பேசினார் என்று கேட்டேன். “அதெல்லாம் ஒனக்கெதுக்கு” என்றார்.

கை நடுக்கம் முதலில் போனது. காப்பிக் கோப்பை அமைதியானது. பிறகு வியர்வை, பிறகு கோபம். முகத்தில் கொஞ்சம் சதை வந்தது. நாடியின் வேகமும் குறைந்தது, ஆனால் அதன் ஒழுங்கின்மை மட்டும் பிடிவாதமாக நின்றது. சுரப்பி அடங்கினாலும் சிலருக்குத் தாளம் திரும்புவதில்லை என்று படித்திருந்தேன். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. திருவிழா வந்தது. அப்பா வழக்கம்போல் பாட்டில் கொண்டு போனார், அம்மா பால்குடம் எடுத்தார். அன்றும் நாடி தாறுமாறாகத்தான் ஓடியது.

திருவிழா முடிந்து சில வாரம் கழித்து மலாக்கா மருத்துவமனையில் மறுபரிசோதனை. இசிஜி தாளை அங்கிருந்த டாக்டர் மேசையில் விரித்து, நான் ஆசிரியை என்று தெரிந்துகொண்டு, பேனாவால் காட்டினார். ஒவ்வொரு உயரக் கோட்டுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு. மேல் அறை ஒழுங்காகச் சுருங்கும்போது மட்டும் வரும் மேடு அது. முதல் தாளில் அந்த இடத்தில் வெறும் நடுங்கும் கோடுதான் இருந்தது. புத்தகத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான், ஆனால் இது என் அப்பாவுடையது.

“எப்பங்க டாக்டர் திரும்புச்சு?” என்று அப்பா மலாயில் கேட்டார். திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா என்று அவர் மனம் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

“சொல்ல முடியாது, பாக்சிக். தூங்கும்போதுகூட மாறியிருக்கலாம்.”

“ஏன் திரும்புச்சு?” இது நான் கேட்டது. சிலருக்குத் திரும்பாதபோது இவருக்கு மட்டும் ஏன்?

சீக்கிரம் வந்துவிட்டீர்கள், இதயம் இன்னும் விரியவில்லை, அதனால் இருக்கலாம் என்றார் டாக்டர். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாத்திரைகளை அவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. லோரி ஓட்டலாம்.

அப்பாவுக்கு அந்தக் கடைசிச் சொல் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. வாகன நிறுத்துமிடத்துக்கு வந்ததும் காருக்குள் ஏறும் முன் அவர் கையைக் கேட்டேன். பொறுமையாக நீட்டினார். ஒரு துடிப்பு, அடுத்தது, அதற்கடுத்தது. இப்போது வரும் என்று நான் நினைத்த இடத்தில் வந்தது. மறுபடியும் வந்தது. எங்காவது தப்பும் என்று விரலை எடுக்காமல் நின்றேன். தப்பவில்லை.

“கை மரத்துப்போச்சும்மா” என்றார் அப்பா.

“விடுடீ அவர” என்று உள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார். “பசிக்குது எனக்கு.”